அவரைக்காய் மாலை

ஒசூரில் குளிரும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. தமிழ்நாடு என்றால் வெயில் என்பது மலேசியாவின் கெடா மாநிலத்தில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு வகுப்பறையில் சொல்லிக்கொடுத்த விஷயம். பிற்பாடு நானும் தமிழ்ப்பள்ளி ஆசிரியராகி அதையேதான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். மார்கழியின் கடைசி வாரம், காலையில், அரைக்கைச் சட்டையோடு ஒசூர் பேருந்து நிலையத்தில் இறங்கினேன். எதிரே நின்ற ஆட்டோக்காரர் குரங்குக் குல்லாயும் அதற்கு மேல் மப்ளரும் சுற்றியிருந்தார். "எங்கேர்ந்து வரீங்கோ?" என்றார். மலேசியா என்றேன். "அங்க ஸ்வெட்டர் கெடைக்காதா?" என்றார்.

வந்த வேலை இரண்டு. ஒன்று, இங்கே ஒரு கல்லூரியில் கருத்தரங்கம். ‘பின்காலனியச் சிறுகதைகளில் பண்பாட்டு அடையாளமும் உரிமை உணர்வும்’ என்பது தலைப்பு. இதை ஒரே மூச்சில் சொல்லிப் பழகவே எனக்கு விமானப் பயணம் முழுவதும் தேவைப்பட்டது. என் சிறுகதை ஒன்றைப் பற்றி ஒரு பேராசிரியை கட்டுரை வாசிப்பார். நான் மேடையில் பொன்னாடையோடு உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டாவதுதான் உண்மையான வேலை. ஒரு பிடி மண் எடுத்துப் போக வேண்டும்.

எங்கள் ரப்பர் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். அங்கே தொழிற்சாலை வரப்போகிறது. தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகள் எல்லாம் காலி, ஒன்றைத் தவிர. அந்த ஒன்றில் என் அக்கா லெட்சுமி இருக்கிறாள். தோட்டத்துக் கோயிலில் தினமும் விளக்கு வைப்பவள் அவள்தான். கோயிலுக்கு வேறு இடம் கிடைத்துவிட்டது, கட்டடமும் எழும்பிவிட்டது. ஆனால் குலதெய்வத்தை இடம் மாற்றுவதானால் மூலக் கோயிலிலிருந்து பிடிமண் கொண்டுவந்து புது இடத்தில் போட்டு, அதன்மேல்தான் சாமியை நிறுத்த வேண்டும் என்பது அக்காவின் கட்சி. "மண்ணு வரட்டும். அவ கெளம்பட்டும். அப்புறம் நான் கெளம்பறேன் லா" என்று சொல்லிவிட்டாள். தை மாதம் முடிந்ததும் மண்வாரி இயந்திரம் வரும் என்று நிர்வாகம் சொல்லியிருந்தது. அது வந்தாலும் அக்கா எழுந்திருக்க மாட்டாள் என்பது அவளோடு வளர்ந்த எனக்குத் தெரியும்.

கோயில் பலகையில் மகா மாரியம்மன் என்றுதான் இருக்கும். ஆனால் வயதானவர்கள் வாயில் வருவது சப்பளம்மா. மாட்டுக்குக் காவல் தெய்வம். இந்தப் பெயரை இணையத்தில் தட்டியபோது வந்து விழுந்த ஊர்கள் எல்லாம் ஒசூரைச் சுற்றியே இருந்தன. ஒரு குலதெய்வ வாட்ஸ்அப் குழுவில் நான் கேட்டதற்கு நாகராஜ் என்பவர் பதில் போட்டார். ‘இது எங்க அம்மன்தான் சார், வாங்க பார்க்கலாம்.’ அவரை நம்பித்தான் வந்தேன்.

நாகராஜுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். தொழிற்பேட்டையில் ஷிப்ட் சூப்பர்வைசர், குடியிருப்பது மூக்கண்டப்பள்ளியில். சொந்தக் கிராமம் கெலவரப்பள்ளி அணைக்குப் பக்கத்தில் இருந்தும் ஷிப்டுக்கு வசதி என்று இங்கே வாடகைக்கு இருக்கிறார். முதல் நாள் மதியம் என்னை ஒரு மெஸ்சுக்கு அழைத்துப்போனார். நடத்துபவர் கோவில்பட்டிக்காரப் பெண்மணி. "வாங்க அண்ணாச்சி. நேட்டிவ் எது?" என்றார். அந்த ஊரில் இருந்த நாள் முழுவதும் என்னை எல்லாரும் கேட்ட முதல் கேள்வி அதுதான். பக்கத்து இலைக்காரர் தஞ்சாவூர், எதிர் இலைக்காரர் மதுரை, சாம்பார் ஊற்றியவர் ராஜபாளையம். ஒசூர் என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. நான் சொன்னேன். பெண்மணி கரண்டியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஒசூரா? ஒசூரை நேட்டிவ்னு சொல்ற ஆள இப்பத்தான் பாக்கேன்" என்றார்.

கேழ்வரகுக் களி வந்தது. அதற்கு ஊற்றிக்கொள்ள ஒரு குழம்பு. பச்சையும் மஞ்சளுமாக வழவழவென்று ஒரு பருப்பு மிதந்தது. நெய் வாசனையோடு இன்னொரு வாசனையும் வந்தது, அது என்னவென்று எனக்குப் பிடிபடவில்லை. களியை எப்படித் தின்பது என்று நாகராஜ் காட்டினார். கிள்ளு, உருட்டு, தோய், முழுங்கு. மென்றால் களிக்கு மரியாதை இல்லையாம். நான் மென்றேன். இரண்டாம் தரம் குழம்பு கேட்டேன், மூன்றாம் தரமும் கேட்டேன். இது என்ன பருப்பு என்று கேட்டது வயிறு நிறைந்த பிறகுதான்.

"பிதுக்கம்பருப்பு, அண்ணாச்சி. அவரைக்கொட்டைய ஊறவச்சுத் தோலைப் பிதுக்கி எடுக்கது. எங்க ஊர்ல இப்படிச் செய்ய மாட்டோம், இங்க வந்து பழகினது" என்றார் பெண்மணி.

எங்கள் வீட்டில் அவரை கிடையாது. அப்பா வாங்க மாட்டார், சமைக்கவிட மாட்டார். பக்கத்து வீட்டு அவரைக்கொடி எங்கள் வேலிக்கு வந்தால் நுனியைத் திருப்பி அந்தப் பக்கமே விட்டுவிடுவார். காரணம் சொல்கிற ஆள் இல்லை அவர். பிடிக்காது போலும் என்று நாங்களும் விட்டுவிட்டோம். அப்பா போய்ப் பல வருடம் ஆகிறது. இவ்வளவு ருசியான ஒன்றை ஐம்பத்தைந்து வயது வரைக்கும் தின்னவிடாமல் செய்துவிட்டாரே என்று அன்றைக்கு அவர்மேல் கோபம்கூட வந்தது.

சாயங்காலம் அக்கா கூப்பிட்டாள். "பசியாறிட்டியா? மண்ணு கெடச்சிச்சா?" என்று இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டாள். பசியாறியாச்சு, மண் இன்னும் இல்லை என்றேன். "சாப்பாட்ட மட்டும் மொதல்ல முடிச்சிருவ" என்றாள்.

இரண்டாம் நாள் கருத்தரங்கம். மேடையில் என் பெயருக்கு முன்னால் ‘அயலகத் தமிழர்’ என்று போட்டிருந்தார்கள். பேராசிரியை நல்ல குரலில் வாசித்தார். அவர் எடுத்துக்கொண்ட கதையில் ஒரு கோயில் காட்சி உண்டு. எங்கள் தோட்டத்தில் நிஜமாகவே நடப்பதுதான். மாட்டுப் பொங்கலன்று நீள நீளமான பயத்தங்காயை நாரில் கட்டி மாலையாக்கி, குடும்பத்தில் மூத்தவர் கழுத்தில் போட்டுக்கொண்டு நிற்பார். பூசை முடிந்ததும் அதைக் கழற்றி அம்மனுக்குப் போடுவார். கடைசியில் அந்தக் காய் எல்லாருக்கும் பொரியலாகும். ஏன் காய் மாலை என்று தோட்டத்தில் யாருக்கும் தெரியாது. கதை எழுதும்போது காரணம் வேண்டியிருந்தது. பூ வாங்கக் கையில் காசில்லாத கூலிகள் காயைக் கட்டினார்கள் என்று எழுதிவிட்டேன். அந்த வரிக்காகவே கதைக்கு எங்கள் ஊரில் ஒரு பரிசும் கிடைத்தது.

"இந்தக் காய்மாலை, காலனியம் பறித்துக்கொண்ட அழகின் குறியீடு" என்றார் பேராசிரியை. கைதட்டினார்கள். நானும் அடக்கமாகத் தலையாட்டினேன்.

கேள்வி நேரத்தில் பின்வரிசை மாணவி ஒருத்தி எழுந்தாள். "சார், கட்டறதுக்குப் பூ இல்லேன்னா எல சரி. காய மனுசன் எதுக்குப் போட்டுக்கணும்? சாமிக்குத்தான போடணும்?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. வாசகர் ஊகத்துக்கு விடுகிறேன் என்றேன். எழுத்தாளனுக்கு இப்படி ஒரு வசதி உண்டு.

மதியச் சாப்பாட்டில் அவரைக்காய்ப் பொரியல். விட்டு வைக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை நாகராஜ் வீட்டுக்கு நானே பேருந்தில் வந்துவிடுகிறேன் என்று வீறாப்பாகச் சொல்லியிருந்தேன். மூக்கண்டப்பள்ளி பெங்களூர் சாலையில்தானே இருக்கிறது என்று அந்தப் பக்கம் போகிற முதல் பேருந்தில் ஏறினேன். அது கர்நாடகப் பேருந்து. மூக்கண்டப்பள்ளி ஜன்னலில் வந்தது, சிரித்தது, போய்விட்டது. "நிறுத்துங்க" என்றேன். கண்டக்டர் கன்னடத்தில் ஏதோ சொன்னார். பக்கத்தில் இருந்தவர் தமிழாக்கினார். "பலகையைப் படிச்சிட்டு ஏறணுமாம், படிச்ச ஆள் மாதிரி இருக்கீங்களேன்னு கேக்கறாரு." பலகை கன்னடத்தில் இருந்தது என்று நான் தமிழில் சொன்னேன். ஜூஜூவாடியும் போனது. கைப்பேசியில் கர்நாடகம் வரவேற்கிறது என்று குறுஞ்செய்தி வந்தது. அத்திப்பள்ளியில் இறக்கிவிட்டார்கள். எங்கள் நாட்டில் ஒரு மாநிலத்தைக் கடக்கக் காலையில் கிளம்பினால் மத்தியானம் ஆகும். இங்கே அசந்தால் கடந்துவிடலாம்.

திரும்பி வந்தபோது நாகராஜ் மோட்டார் சைக்கிளில் காத்திருந்தார், சிரிப்பை அடக்கிக்கொண்டு. போகிற வழியில் காலை ஆகாரம். தோசைக்குத் தொட்டுக்கொள்ளப் பிதுக்கம்பருப்பு. நாகராஜும் தின்றார், நானும் தின்றேன்.

கிராமத்துக்குள் நுழைந்ததும் முதலில் தெரிந்தது வயல் அல்ல, பசுமைக்குடில்கள். வெள்ளைப் பாலிதீன் கூரைக்கு அடியில் ரோஜாவும் ஜெர்பராவும். ஜெர்பராவுக்கு மண்ணே கிடையாது, தேங்காய் நார்த்தூள் நிரப்பிய தொட்டி. நாகராஜின் பெரியப்பா முனியப்பா அறுபது வயதுக்காரர், உரக் கம்பெனி பனியன் போட்டிருந்தார். கோயிலுக்கு இப்போது அவர்தான் பொறுப்பு. அவர் மனைவி ரத்னம்மா கொட்டகையில் உட்கார்ந்து ரோஜாவை எண்ணிக் காகிதத்தில் சுருட்டிக்கொண்டிருந்தார். பொங்கல் சமயம், தலை நிமிர நேரமில்லை.

அவர்கள் தங்களுக்குள் தெலுங்கில் பேசினார்கள். லாரி டிரைவரோடு கன்னடம். என்னோடு தமிழ். நான் எங்கள் ஊர்த் தமிழ்ப்பள்ளி வாரியத்தில் இருப்பவன். பிள்ளைகள் ஒரு மலாய்ச் சொல் கலந்து பேசினாலே முறைப்பவன். என் பங்காளிகள் என்று நான் தேடி வந்தவர்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. கொஞ்சம் திக்கென்றுதான் இருந்தது. அந்த நேரம் பார்த்து ரத்னம்மா நாய்க்குச் சோறு வைத்து "ரா, ரா" என்றார். எங்கள் அப்பா நாயை அப்படித்தான் கூப்பிடுவார். நாய்க்கான சத்தம் அது என்று நான் இத்தனை காலம் நினைத்திருந்தேன், தெலுங்கு ‘வா’ என்று தெரியாது.

சப்பளம்மா குடில்களுக்கு நடுவே, ஒரு புங்க மரத்தடியில் இருந்தாள். தகரக் கூரை, மஞ்சள் பூசிய கற்கள் வரிசையாக. சுற்றிலும் கொஞ்சம் செம்மண். எங்கள் தோட்டத்துக் கோயில் கற்களும் இப்படித்தான் வரிசையாக இருக்கும் என்றேன். ஊர்க்காரர்கள் சிலர் கூடிவிட்டார்கள்.

"இதுக்கு முந்தி ஒருத்தன் வந்தான் சார்" என்றார் முனியப்பா. "நானும் பங்காளிதான்னு சொல்லி மண்ண வாங்கினு போயி, ரோட்டோரமா ஒரு கோயில் கட்டி உண்டியல் வச்சிட்டான். அதிலேர்ந்து நாங்க உஷார். பங்காளிக்குத்தான் மண்ணு. ஆளு மாறிப் போனா அம்மா எங்களையும் உட்டுட்டுப் போயிருவா."

சரி என்றேன்.

"எல்லாரையும் கேக்கறதுதான். தப்பா நெனைக்காதீங்கோ. மாட்டுப் பொங்கலுக்கு முன்னாடி உங்க வூட்ல அவரை திங்கறதுண்டா?"

இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாம். அது பொய்யும் இல்லை. அவர் கேட்டது வீட்டைப் பற்றித்தானே. ஆனால் கேள்விக்கு முழு வாக்கியத்தில் விடை எழுது என்று காலமெல்லாம் சொல்லிக்கொடுத்த வாய் இது. "எங்கள் வீட்டில் எப்போதுமே கிடையாது. இங்கே வந்து மூன்று நாளாகச் சாப்பிடுகிறேன்" என்றேன்.

முனியப்பா தெலுங்கில் ஏதோ சொன்னார். அதன் தமிழை நாகராஜ் தாழ்ந்த குரலில் எனக்குச் சொன்னார். "பாவம், தூரத்துலேர்ந்து வந்துட்டாரு, சோறு போட்டு அனுப்புங்க. நம்ம ஆளா இருந்தா இந்த மாசத்துல அதை வாயில வைப்பாரா?" மாட்டுப் பொங்கலன்று அம்மனுக்குப் புது அவரையைப் படைத்த பிறகுதான் அந்த வம்சத்தார் அதைத் தொடுவார்கள். இது தமிழில் எனக்குச் சொல்லப்பட்டபோது, நல்ல குளிரிலும் வியர்த்தது. ஊரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்பட்டு ஊர்ச் சாப்பாட்டைக் கேட்டுக் கேட்டுத் தின்றிருக்கிறேன். அதுவே என்னை வெளியாள் ஆக்கிவிட்டது. அக்காவிடம் என்ன சொல்வேன்?

அவரைக்கொடி வேலி தாண்டினால் அப்பா ஏன் வெட்டாமல் திருப்பி விட்டார் என்பதும் அப்போதுதான் விளங்கியது. அது அம்மனுக்குப் படைக்கிற காய். எப்போதிலிருந்து தின்னலாம் என்பது அங்கே மறந்துபோனதால் வருடம் முழுவதுமே தின்னாமல் இருந்துவிட்டார்கள் போலிருக்கிறது.

அதைச் சொல்லிப் பார்த்தேன். முனியப்பா தலையை ஆட்டவுமில்லை, மறுக்கவுமில்லை. யார் வேண்டுமானாலும் சொல்லலாம் என்பது அவர் முகத்தில் இருந்தது.

கொட்டகையிலிருந்து ரத்னம்மாவின் குரல் வந்தது. ரோஜாவைக் கீழே வைக்காமலே பேசினார், எனக்கும் புரியட்டும் என்று தமிழில். "கடலுக்கு அந்தாண்ட நாலு தலமொற திங்காம இருந்துட்டு, நம்மூருக்கு வந்துதான் தின்னுருக்காரு. வாங்கிக் குடுத்தது யாருன்னு மொதல்ல கேளு."

எல்லாரும் நாகராஜைப் பார்த்தார்கள். அவர் தன் ஷூவைப் பார்த்தார்.

"நான்தான் பெரியப்பா" என்றார். "கேன்டீன்ல சீசன் பூரா இதான் போடறாங்கோ. ஷிப்ட் முடிஞ்சி பசியில வந்தா பார்த்துப் பார்த்தா திங்க முடியும்?"

"நீ திங்கறது எனக்குத் தெரியாதாக்கும்" என்றார் முனியப்பா. "வூட்டுக்குள்ள வரப்பவே கை நாறுதே."

இளவட்டங்கள் இரண்டு பேர் மெல்லக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். ரத்னம்மா அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது, ஆனால் மண் கிடைத்தபாடில்லை. தின்னாமல் இருந்ததற்கு என் வாய்தான் சாட்சி. அதுவும் தின்ற வாய்.

"சரி. மாட்டுப் பொங்கலன்னிக்கு அங்க என்ன செய்வீங்கோ?" என்று கேட்டார் முனியப்பா, பேச்சை முடித்து என்னை அனுப்பிவைக்கிற தொனியில்.

பொங்கல் வைப்போம், கற்களுக்கு மஞ்சள் பூசுவோம் என்றேன். அதை யாரும் செய்வார்கள். பயத்தங்காய் மாலை போடுவோம் என்றேன்.

"அம்மாவுக்கா?"

"முதலில் மூத்தவர் போட்டுக்கொண்டு நிற்பார். அப்பா போட்டுக்கொள்வார். இப்போது அக்கா போட்டுக்கொள்கிறாள். கடைசியில்தான் அம்மனுக்கு."

முனியப்பா தலைக் குல்லாயைக் கழற்றினார். "பயத்தங்காயா? அவரைக்கா இல்லியா?"

"அங்கே நீளக் காய்தான் நிறையக் கிடைக்கும். வீட்டில் அவரை தொடுவதில்லை."

"எந்த வருசம் போட்டாங்கோ?"

"வருடா வருடம்."

அவர் ரத்னம்மாவைப் பார்த்தார். ரத்னம்மா ரோஜாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். முனியப்பா நிதானமாகச் சொன்னார். "அது வராதவங்க மாலை சார். படையலுக்கு வராதவன், அடுத்த தடவ வந்தான்னா, அவரைக்கா மாலைய கழுத்துல போட்டுக்கினு நின்னு, அம்மா, வர முடியல, மன்னிச்சுக்கோன்னு சொல்லணும். அப்பறந்தான் அவனுக்குப் பங்கு. இது வெளியாளுக்குத் தெரியாது. எந்தப் புஸ்தகத்துலயும் இல்ல."

அதை வருடா வருடம் எதற்குப் போட வேண்டும் என்று கேட்டேன்.

"மண்ணு எடுத்துக்கினு போயிருந்தா மாலை வேண்டியதில்ல" என்றார். "மண்ணு இருக்கற எடத்துல இருக்கறவன் வந்தவன்தான். உங்க ஆளு, ஆள் புடிக்க வந்த கங்காணி பின்னாடி அவசரத்துல கெளம்பிப் போயிருப்பான். வெறுங்கையோட போயிருக்கான். அதான் வருசா வருசம் மன்னிப்புக் கேட்டிருக்காங்கோ."

காசில்லாமல் இல்லை. பூ கிடைக்காமலும் இல்லை. தோட்டத்தில் செம்பருத்தி வேலி வேலியாகப் பூக்கும், அதை நானே பார்த்து வளர்ந்திருக்கிறேன். அப்பா கழுத்தில் காய்மாலையோடு நிற்கும்போது ஏதோ முணுமுணுப்பார். மந்திரம் என்று நினைத்திருந்தேன். அவர் யாரிடமோ வரமுடியவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். அதை நினைத்து நினைத்து அன்று முழுவதும் மனசு ஆறவேயில்லை.

"தின்னதுக்கு என்ன செய்யறது?" என்று நாகராஜ் மெதுவாகக் கேட்டார்.

"தின்னவங்க எல்லாரும் படையல் வரைக்கும் வாயக் கட்டிக்கினு இருந்து வாங்க" என்றார் முனியப்பா. ரத்னம்மா என்னைப் பார்த்து, "மாட்டுப் பொங்கலுக்கு இருந்துட்டுப் போங்க கொழுந்தனாரே" என்றார். சார் என்பது எந்த இடத்தில் விழுந்து போனது என்று நான் கவனிக்கவில்லை.

இடையில் இருந்த நாட்களில் மூக்கண்டப்பள்ளி காலியானது. தெருவெல்லாம் பைகள், பையைப் பிடித்தபடி பிள்ளைகள். தொழிற்பேட்டை வாசலிலிருந்து நேராகப் பேருந்து நிலையத்துக்கு ஓடினார்கள். மெஸ்காரப் பெண்மணியும் பாத்திரங்களைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கிளம்பினார். "பொங்கலுக்கு எந்த ஊருக்கு அண்ணாச்சி போறீக?" என்றார். இங்கேதான் என்றேன். "இங்க யாரு இருக்கா?" என்று கேட்டுவிட்டு, பேருந்துக்கு நேரமானதால் பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார். அவர் இருந்திருந்தாலும் களி கேட்டிருக்க மாட்டேன். ரொட்டியும் வாழைப்பழமுமாக ஓட்டினேன். நல்ல சாப்பாட்டு ஊரில் அப்படி ஒரு தண்டனை.

மாட்டுப் பொங்கல் காலையில் புங்க மரத்தடியில் ஒரு கோணி நிறைய அவரைக்காய். பெண்கள் நாரில் கோத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒரு மாலை என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். நாகராஜ் ஒன்றை எடுத்துத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டார். போன வருடம் படையல் நேரத்தில் அவருக்கு ஷிப்ட். அடுத்து அவர் தம்பி, அவனுக்கும் ஷிப்ட். பெங்களூரில் வேலை பார்க்கும் ஒரு பெண். அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. மத்தூரில் கட்டிக்கொடுத்த இன்னொருத்தி, பிரசவம். இப்படியே வரிசை நீண்டது. நானும் ஒன்றைப் போட்டுக்கொண்டு ஓரத்தில் போய் நின்றேன். அவரைக்காய் கழுத்தில் சில்லென்று இருந்தது, கொஞ்சம் அரித்தது.

"சொல்லுங்கோ" என்றார் முனியப்பா. எல்லாரும் தெலுங்கில் சொன்னார்கள். நான் தமிழில் சொன்னேன். வர முடியல, மன்னிச்சுக்கோ. அவ்வளவுதான். யாருக்காகச் சொல்கிறேன் என்று அம்மனுக்குத் தெரிந்திருக்கும்.

மாடுகள் வந்தன, கற்பூரம் எரிந்தது, படையல் முடிந்தது. முனியப்பா கற்களுக்கு முன்னாலிருந்து செம்மண்ணைக் கையால் அள்ளி மஞ்சள் துணியில் வைத்து முடிந்து, சின்னக் கலயத்தில் இறக்கி என் கையில் கொடுத்தார். "கீழ வெக்காதீங்கோ. திரும்பிப் பார்க்காதீங்கோ" என்றார். அப்புறம் இலை போட்டார்கள். பிதுக்கம்பருப்புக் குழம்பு. கலயத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கையால் தின்றேன். களியை இந்த முறை மெல்லவில்லை.

பேராசிரியையைக் கைப்பேசியில் கூப்பிட்டு, மாலைக்கு நான் எழுதிய காரணம் தவறு என்று விவரமாகச் சொன்னேன். ஆர்வமாகக் கேட்டார். "இதுவும் நல்லா இருக்கு சார். ஆனா கட்டுரை அச்சுக்குப் போயிருச்சு" என்றார். அந்தப் பின்வரிசை மாணவிக்காவது சொல்லிவிடுங்கள் என்றேன்.

அக்காவைக் காணொளியில் கூப்பிட்டேன். கலயத்தைக் காட்டினேன். அவள் முந்தானையால் கைப்பேசித் திரையைத் துடைத்தாள், அந்தப் பக்கம் மங்கலாக இருப்பதுபோல. அவள் பின்னால் காலி லயம் தெரிந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். வராதவர்கள் மாலை என்று சொன்னபோது தலையைக் குனிந்துகொண்டாள்.

"இனிமேல் மாலை வேண்டாம் அக்கா" என்றேன். "மண் வந்துவிட்டால் நாமும் வந்தவர்கள்தானாம். மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லையாம்."

குனிந்த தலையை நிமிர்த்தினாள்.

"அப்பா போட்டாரு. அவங்கப்பா போட்டாரு" என்றாள். "அந்த மாலை இல்லாம எனக்குக் கும்பிடத் தெரியாது தம்பி. நீ மண்ண கொண்டா, நான் லோரிக்குச் சொல்றேன். காய நானே கட்டிக்கிறேன்."